டெக்னிக்கல் புரோகிராம் மேனேஜர் பதவியை ஏற்கலாமா?

பேக்கெண்ட் பொறியாளராக, அதாவது பயனர் கண்ணில் படாத சர்வர் பக்க மென்பொருளை எழுதுகிறவராக, நல்ல அனுபவம் உள்ள உங்களுக்கு இப்போது இருக்கும் நிறுவனமே டெக்னிக்கல் புரோகிராம் மேனேஜர் பதவியைத் தர முன்வந்திருக்கிறது. அது உண்மையில் என்ன வேலை, கோடிங்கை விட்டுப் போனால் பின்னால் வருந்த நேருமா, ஆட்குறைப்பு வந்தால் முதலில் போவது இந்தப் பதவிதான் என்கிறார்களே அது சரியா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். சேவை நிறுவனம் ஒன்றில் தொடங்கி, பிறகு பணப் பரிவர்த்தனை மென்பொருள் செய்யும் நிறுவனங்களில் இதே வேலையை நெடுங்காலம் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வேலை உண்மையானது, கடினமானது, செய்தவனுக்கு நிறைவு தருவது. ஆனால் அந்தப் பெயரில் தரப்படும் பல பதவிகளில் அந்த வேலை இருப்பதில்லை. அதனால் உங்கள் முடிவு பதவியின் பெயரைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.

என்ன செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்கிறவர் புராடக்ட் மேனேஜர். ஓர் அணியையும் அதில் உள்ள ஆட்களையும் நடத்துகிறவர் என்ஜினியரிங் மேனேஜர். ஒரு காரியம் நடக்க வேண்டுமானால் ஏழெட்டு அணிகளின் மென்பொருள்கள் ஒரே காலத்தில் மாற வேண்டும், ஆனால் அந்த அணித்தலைவர்களில் எவருமே முழுக் காரியத்துக்கும் பொறுப்பில்லை என்ற நிலை வரும்போதுதான் டெக்னிக்கல் புரோகிராம் மேனேஜர் தேவைப்படுகிறார். மைக்ரோசாஃப்டில் 1980களின் நடுவில், மேக்கின்டாஷுக்கான எக்செல் உருவானபோது, ஜேப் ப்ளூமென்தால் என்பவர் பார்த்த வேலையிலிருந்து புரோகிராம் மேனேஜர் என்ற பதவி மென்பொருள் உலகில் நிலைபெற்றது. யாரும் அவருக்குக் கீழே வேலை செய்யவில்லை என்பதுதான் அதன் அடிப்படை அமைப்பு, இன்றும் அப்படித்தான். நீங்கள் யாருக்கும் ஆண்டு மதிப்பீடு எழுதப் போவதில்லை, யாரையும் வேலையை விட்டு அனுப்பவும் முடியாது. இந்த அதிகாரமின்மை ஒரு குறை என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தன் அணித்தலைவரிடம் சொல்லத் தயங்குவதைப் பொறியாளர்கள் நம்மிடம் சொல்வதற்கு அதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

வேலை எங்கே இருக்கிறது என்பதைக் காட்ட, இந்தியாவில் பணப் பரிவர்த்தனைத் துறையில் இருந்த எல்லோரும் கடந்து வந்த ஒரு மாற்றத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆன்லைன் கடைகள் வாடிக்கையாளரின் கார்டு எண்ணைத் தங்கள் சர்வரில் சேமித்து வைக்கக் கூடாது என்ற விதி, ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் வெளியிட்ட நெறிமுறையில் வந்தது. பிறகு அது விரிவாகி, கார்டை வழங்கிய வங்கியும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க்குகளும் தவிர வேறு எவரிடமும் கார்டு எண் இருக்கக் கூடாது, ஏற்கெனவே இருப்பதையும் அழித்துவிட வேண்டும் என்றானது. எண்ணுக்குப் பதிலாக, அந்தக் கார்டுக்கும் அந்தக் கடைக்கும் மட்டும் பொருந்தும் ஒரு டோக்கனை, அதாவது மாற்று எண்ணைச் சேமித்துக்கொள்ளலாம். காலக்கெடு 2021 டிசம்பர் இறுதி என்று இருந்து, 2022 ஜூன் 30 என்று மாறி, கடைசியில் 2022 செப்டம்பர் 30 என்று நின்றது.

வெளியிலிருந்து பார்த்தால் இது ஒரு டேட்டாபேஸ் அட்டவணையில் ஒரு நெடுவரிசையை மாற்றும் வேலை. செக்அவுட் பக்கத்தை, அதாவது வாடிக்கையாளர் பணம் கட்டும் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் அணி தன் பங்கை மதிப்பிட்டு ஒரு தேதி சொல்லும். அந்தத் தேதி சரியாகவும் இருக்கும். ஆனால் அந்த நெடுவரிசையை வேறு யாரெல்லாம் வாசிக்கிறார்கள்? மென்பொருள்களின் அமைப்பைக் காட்டும் எந்த ஆர்க்கிடெக்சர் படத்திலும் இதற்கு விடை இருக்காது. நான் அப்போது இருந்த நிறுவனத்தில் செய்த மிக உருப்படியான காரியம், அந்த அட்டவணையை யார் எப்போது வாசித்தார்கள் என்று பதிவாகும் குவெரி லாகுகளை எடுத்து, அதைத் தொடும் ஒவ்வொரு சர்வீஸ் அக்கவுன்ட்டுக்கும் (மென்பொருள்கள் உள்ளே நுழையப் பயன்படுத்தும் கணக்கு) பின்னால் இருக்கும் ஆளைத் தேடிப் பிடித்ததுதான். ரீஃபண்டு அணி வந்தது. குறிப்பிட்ட வங்கியின் கார்டுக்குத் தள்ளுபடி தரும் மென்பொருள் வந்தது. அது கார்டு எண்ணின் முதல் ஆறு இலக்கங்களைப் பார்த்து வங்கியை அறிந்துகொண்டிருந்தது, டோக்கனின் முதல் இலக்கங்களோ வேறு வரிசையைச் சேர்ந்தவை. ஒரே கார்டு பல கடைகளில் அடுத்தடுத்துத் தேய்க்கப்படுவதைக் கொண்டு மோசடியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் வந்தது. கடைக்குக் கடை டோக்கன் மாறுவதால் அதற்கு இனி அந்தக் கார்டு ஒரே கார்டாகத் தெரியாது. மாதச் சந்தா, இஎம்ஐ, வங்கிகளோடு கணக்குச் சரிபார்க்கும் கோப்புகள், பழைய பேக்கப்புகள், யாரோ எப்போதோ பிழை தேடுவதற்காக எழுதிவைத்து அணைக்க மறந்த லாகுகள் என்று பட்டியல் நீண்டது. வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மட்டும் தப்பியது. கார்டின் கடைசி நான்கு இலக்கங்களையும் வழங்கிய வங்கியின் பெயரையும் வைத்துக்கொள்ள விதியே இடம் கொடுத்தது. அவர்கள் தேடுவதும் அதைக் கொண்டுதான்.

இதில் எந்த அணியும் தவறு செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் தன் பங்கைச் சரியாகவே மதிப்பிட்டிருந்தார்கள். தான் இன்னொருவருக்காகக் காத்திருக்கிறோம் என்பது காத்திருப்பவருக்கே தெரியாத இடங்கள்தான் புரோகிராமை மூழ்கடிக்கின்றன, அவற்றை முன்கூட்டியே தோண்டி எடுப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம். வேலைகளைக் காலவரிசைப் பட்டைகளாகக் காட்டும் கான்ட் சார்ட்டோ, அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1950களின் இறுதியில் உருவான பெர்ட் என்ற திட்டமிடல் முறையோ, எந்த வேலை எதைச் சார்ந்தது என்று ஏற்கெனவே தெரிந்ததை வரிசைப்படுத்தத்தான் உதவும். தெரியாததை எந்தச் சார்ட்டும் காட்டாது. குவெரி லாகைத் திறந்து பார்க்கத் தெரிந்தவருக்கே அது தெரியும். அந்தப் பதவிப் பெயரில் ‘டெக்னிக்கல்’ எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அந்தக் காலக்கெடு தள்ளிப்போன விதத்திலும் ஒரு பாடம் உண்டு. நீட்டிப்பு வந்த மறுநாளே பொறியாளர்களை வேறு வேலைகளுக்கு இழுத்துக்கொள்ளப் பார்ப்பார்கள், அது இயல்பு. ஆனால் மூன்று மாதம் கழித்து அதே ஆட்கள் திரும்பி வரும்போது பாதி மறந்திருக்கும், சிலர் நிறுவனத்தையே விட்டுப் போயிருப்பார்கள். அதனால் நீட்டிப்பு வந்தாலும், சிறு பங்கு பரிவர்த்தனைகளையாவது டோக்கன் வழியாக உண்மையிலேயே ஓடவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு நெட்வொர்க்கும் தயாராகும் வேகம் வேறு. எந்த வங்கியின் டோக்கனில் பரிவர்த்தனை அதிகமாகத் தோற்கிறது என்பது உண்மையான வாடிக்கையாளர் பணம் கட்டும்போதுதான் தெரியும். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 24. ஆன்லைன் கடைகளின் பண்டிகை விற்பனை செப்டம்பர் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. விற்பனைக் காலத்தில் எவரும் தங்கள் செக்அவுட்டில் கை வைக்க விடமாட்டார்கள். ஆகவே நாட்காட்டியில் செப்டம்பர் 30 என்று இருந்த காலக்கெடு, எங்களைப் பொறுத்தவரை ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. சட்டம் சொல்லும் தேதிக்கும் வேலை முடிய வேண்டிய தேதிக்கும் இடையே இருக்கும் இந்த இடைவெளியை முதலில் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியவரும் நீங்களே.

அடுத்தது, கெட்ட செய்தி. இதற்கு ஒரு பொது ஆவணமே இருக்கிறது, இந்த வேலைக்கு வருகிறவர்கள் அனைவரும் படிக்க வேண்டியது என்பேன். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, லாயிட்ஸ் வங்கியிடமிருந்து பிரிந்த பிறகும் அதன் கணினி அமைப்பையே வாடகைக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. 2015இல் அதை வாங்கிய ஸ்பெயினின் சபாடெல் குழுமம், தன் சொந்த அமைப்புக்கு அதை மாற்ற முடிவு செய்தது. 2017 நவம்பர் என்று குறித்த தேதி தவறியது. 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில், ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே மூச்சில் மாற்றினார்கள். தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது, அதைத் தாங்கிய அமைப்புத்தான் தாங்கவில்லை. லட்சக்கணக்கானவர்கள் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள், நிலைமை முழுமையாகச் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆயிற்று. 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் வங்கிக்கு விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. மறு ஆண்டு, அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரிக்குத் தனிப்பட்ட முறையிலும் அபராதம் விழுந்தது.

இதைப் பற்றி ஸ்லாட்டர் அண்டு மே என்ற சட்ட நிறுவனம் நடத்திய விசாரணையின் அறிக்கை 2019 நவம்பரில் வெளிவந்தது. அதில் வரும் கோளாறுகள் நம் ஊர் அலுவலகங்களில் தினமும் காண்பவைதான். முடிவுத் தேதியை முதலில் குறித்துவிட்டு அதிலிருந்து பின்னோக்கித் திட்டம் போட்டார்கள். முதல் தேதி தவறியபோது, ஏன் தவறியது என்று அறிவதற்கு முன்பே இரண்டாவது தேதியையும் அதே முறையில் குறித்தார்கள். புதிய அமைப்பு இரண்டு டேட்டா சென்டர்களில் ஓட இருந்தது. சுமைச் சோதனையையோ ஒன்றில் மட்டுமே நடத்தினார்கள், இரண்டும் ஒரே மாதிரி அமைக்கப்படவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. துணை ஒப்பந்ததாரர்கள் தயாரா என்பதற்கு ஆதாரமாக இயக்குநர் குழுவின் முன் வந்தவை, பெரும்பாலும் தயாராகிவிடுவோம் என்ற நம்பிக்கை உறுதிமொழிகள். இரண்டாவது டேட்டா சென்டரைச் சோதித்தீர்களா என்று ஒருவர் கேட்டு, பதிலுக்கு ஒரு சோதனை அறிக்கையைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான் இந்தப் பதவி.

வாராந்தர ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டைப் பற்றி எல்லோரும் குறைப்படுவார்கள். அதை எழுதுவது வேலையின் மிகச் சலிப்பான பகுதி என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அதில் இருக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களை யார் எந்தத் துணிச்சலோடு போடுகிறார்கள் என்பதில்தான் ஒரு நிறுவனத்தின் குணம் தெரியும். வெளியே பச்சையாகவும் உள்ளே சிவப்பாகவும் இருக்கும் ரிப்போர்ட்டைத் தொழிலில் தர்பூசணி என்று கேலி செய்வார்கள். பொறியாளர்கள் பொய் சொல்வதால் தர்பூசணி விளைவதில்லை. போன முறை சிவப்பு போட்டவரைத் தினமும் இரண்டு கூட்டங்களுக்கு அழைத்து விளக்கம் கேட்டிருப்பார்கள். அடுத்த முறை அவர் மஞ்சளோடு நிறுத்திக்கொள்வார், அதற்கடுத்த முறை பச்சை. சிவப்பு போட்டால் கேள்விகளுக்குப் பதிலாக உதவி வரும் என்று ஓரிரு முறை நடத்திக் காட்டினால் நிறம் தானாக உண்மைக்கு வந்துவிடும். இதற்கு மேலிடத்தின் துணை வேண்டும். அது இல்லாத இடத்தில் எவ்வளவு திறமை இருந்தும் பயனில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எத்தனை சதவீதம் முடிந்தது என்று நான் யாரிடமும் கேட்பதில்லை, ஏனென்றால் தொண்ணூறு சதவீதம் என்ற பதில் மாதக்கணக்கில் மாறாமல் நிற்கும். ஒரே ஒரு பரிவர்த்தனை, முதல் திரையிலிருந்து வங்கிக் கணக்கு வரை, எத்தனை கைவேலை ஒட்டுகளோடு வேண்டுமானாலும், என்றைக்கு ஓடிக் காட்டும் என்று கேட்பேன். அந்தத் தேதியைச் சொல்ல முடியாதவரிடம் மற்ற தேதிகளைக் கேட்டுப் பயனில்லை. இன்னொரு கேள்வி: யாருடைய பதிலுக்காக இந்த வாரம் காத்திருக்கிறீர்கள்? இதற்கு வரும் விடைகளைச் சேர்த்து வைத்தால் மாதக் கடைசியில் ஒரே பெயர் பல இடங்களில் வந்திருக்கும். அந்த ஆள்தான் உங்கள் புரோகிராமின் குறுகிய வாசல், அவரிடமிருந்து மற்ற வேலைகளை எடுத்துவிடுவது எந்தக் கூட்டத்தையும்விட அதிகம் சாதிக்கும்.

தாமதமான வேலைக்கு ஆட்களைச் சேர்த்துத் தருகிறோம் என்று மேலிடம் அன்போடு முன்வரும். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 என்ற இயங்குதளத்தின் உருவாக்கத்தை நடத்திய ஃபிரெட் ப்ரூக்ஸ், தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975இலேயே எழுதிவிட்டார். ஐந்து பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 10 வழிகள், பத்துப் பேருக்கு 45, இருபது பேருக்கு 190. இந்தக் கணக்கை அறியாத மேலாளர் எவரும் இல்லை, அவசரத்தில் நினைவில் வைத்திருப்பவரும் அரிது. வேலையின் அளவைக் குறைக்க வேண்டும், அல்லது தேதியைத் தள்ள வேண்டும்; இரண்டில் ஒன்றை எழுத்தில் கொண்டுபோய் வைத்து, முடிவெடுக்க வேண்டியவரிடம் முடிவு வாங்குவதுதான் அந்தக் கட்டத்தில் உங்கள் கடமை. முடிவை நீங்களே எடுத்துவிடக் கூடாது, எடுக்கப்படாமல் தொங்கவும் விடக் கூடாது.

இனி, உங்களைப் போல இந்தியாவில் இருந்துகொண்டு அமெரிக்க நிறுவனங்களுக்கு வேலை பார்ப்பவர்களுக்கு உரிய ஒரு சிக்கல். அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைக்கும் நமக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி நேரம், குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரம் வித்தியாசம். இரவு ஒன்பது மணிக் கூட்டங்கள் வேலையின் ஒரு பகுதி, அதை வீட்டாரிடம் முன்பே பேசிவிடுங்கள். நேரத்தைவிடப் பெரிய சிக்கல் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது. சென்னை ஓஎம்ஆரிலோ பெங்களூரிலோ இருக்கும் அந்நிறுவனங்களின் மையங்களில் சில, முழு மென்பொருளுக்கும் பொறுப்பேற்று நடத்துகின்றன. அங்கே இந்த வேலை முழுமையாக இருக்கும். வேறு சிலவற்றில் முடிவுகள் எல்லாம் அமெரிக்காவில் எடுக்கப்பட்டு, இங்கே இருக்கும் டெக்னிக்கல் புரோகிராம் மேனேஜர் ஜிரா டிக்கெட்டுகளின் (வேலைகளைப் பதிவு செய்து கண்காணிக்கும் மென்பொருளில் உள்ள பதிவுகள்) நிலையை அங்கே எடுத்துச் சொல்லும் தூதராக மட்டும் இருப்பார். முன்னதில் மூன்று ஆண்டுகளில் கற்பதைப் பின்னதில் பத்து ஆண்டு இருந்தாலும் கற்க முடியாது.

தொழில்நுட்பம் துருப்பிடிக்குமா என்று கேட்டீர்கள். கோட் எழுதும் வேகம் நிச்சயம் குறையும். ஆனால் டிசைன் டாக்குமென்ட்டைப் படித்து, இந்தச் சர்வீஸ் தோற்றால் அடுத்ததற்கு என்ன ஆகும், ரோல்பேக் செய்தால், அதாவது மாற்றத்தைத் திரும்பப் பெற்றால், இடையில் எழுதப்பட்ட தரவு என்ன ஆகும் என்று கேட்கும் கூர்மை, பல அணிகளின் டிசைன்களைப் படிப்பதால் கூடவே செய்யும். கோளாறு நேர்ந்த இரவுகளில், அழைப்பு வராவிட்டாலும், அந்த உரையாடலில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருங்கள். எந்த அமைப்பு எதைச் சார்ந்திருக்கிறது என்பதை ஒரு பெரிய கோளாறு கற்றுத்தருவது போல எந்த ஆவணமும் கற்றுத்தராது. டிசைன் ஆய்வில் கருத்துச் சொல்ல முடியாத டெக்னிக்கல் புரோகிராம் மேனேஜரைப் பொறியாளர்கள் மரியாதையோடு நடத்துவார்கள், ஆனால் அவரிடம் உண்மையைச் சொல்ல மெனக்கெட மாட்டார்கள்.

ஆட்குறைப்புப் பற்றிய பேச்சில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கி 2023 ஜனவரியில் தன் அஜைல் (வேலையைச் சிறு சிறு சுற்றுகளாகச் செய்யும் முறை) பதவி வகையையே முழுதாகக் கலைத்து, ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட இடங்களை நீக்கியது. அந்த வேலையை இனிப் பொறியாளர்களும் புராடக்ட் மேனேஜர்களும் சேர்த்துப் பார்ப்பார்கள் என்றது. கூட்டம் கூட்டுவது, குறிப்பு எடுப்பது, டிக்கெட்டுகளைத் தொகுத்து வாராந்தர அறிக்கை ஆக்குவது ஆகியவற்றை இப்போது ஏஐ கருவிகள் தேவையான அளவுக்கு நன்றாகவே செய்கின்றன. அந்த அளவோடு நிற்பவரின் இடம் போகத்தான் செய்யும், அதை அநியாயம் என்றும் சொல்ல முடியாது. குவெரி லாகிலிருந்து மோசடித் தடுப்பு அணியைத் தேடிப் பிடிப்பது, இந்தத் தேதி நடக்காது என்று துணைத் தலைவரின் முகத்துக்கு நேரே ஆதாரத்தோடு சொல்வது, இரண்டு அணித்தலைவர்கள் ஒருவரையொருவர் தவிர்த்துக்கொண்டிருப்பதை மூன்றாவது வாரத்திலேயே மோப்பம் பிடிப்பது ஆகியவற்றை எந்தக் கருவியும் செய்து நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனாலும் செலவுக் கணக்கு பார்க்கும் நிதி அதிகாரிக்கு இரண்டு வகையினரும் தாளில் ஒன்றுபோலவே தெரிவார்கள் என்ற ஆபத்து உண்டு. அதனால் நீங்கள் நடத்தும் புரோகிராம், நிறுவனத்துக்கு வருமானமோ சட்ட நெருக்கடியோ சார்ந்ததாக இருப்பது நல்லது.

தனியாக அமர்ந்து ஒரு சிக்கலைத் தீர்த்து முடிக்கும் இன்பம் இல்லாமல் உங்களால் இருக்க முடியாதென்றால் இது வேண்டாம். நல்ல புரோகிராம் முடிந்தபின் மேடையில் அணிகளின் பெயர்தான் வரும். அது உறுத்தினாலும் வேண்டாம். பதவியை ஏற்பதற்கு முன் உங்கள் எதிர்கால மேலாளரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்தப் புரோகிராமின் தேதியை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவரிடம் நான் நேராகப் பேச முடியுமா, கடைசியாக எந்தப் புரோகிராமில் சிவப்பு போட்டார்கள், போட்டவருக்கு என்ன ஆயிற்று. மூன்றாவது கேள்விக்கு அப்படி எதுவும் நடந்ததில்லை என்ற பதில் வந்தால் யோசியுங்கள். ஏற்றுக்கொண்டால், உங்கள் பழைய அணி முக்கியப் பங்கு வகிக்கும் புரோகிராமை முதலில் எடுக்க வேண்டாம். மற்ற அணிகள் உங்களை அந்த அணியின் ஆளாகவே பார்க்கும், பழைய அணியும் அப்படியே எதிர்பார்க்கும். ஓர் ஆண்டுக்குள் விரும்பினால் அதே நிலையில் பொறியாளராகத் திரும்பலாம் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் முன்பைவிட நல்ல பொறியாளர்களாகவே ஆனார்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு திரும்ப நினைத்தவர்களுக்குக் கோடிங் நேர்முகத் தேர்வுகளே பெரும் தடையாக நின்றன.